பாலே ஆடலும் பல்வேறு பண்பாடுகளும்

எம்மிடந் தமிழ் பயின்று இந்நாளில் இலண்டன் மாநகரில் வாழும் பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு எமக்கொரு கடிதம் வரைந்திருந்தார். அவர்தம் மகளுக்குப் பத்து வயது. ஞாயிறுதோறும் பரதநாட்டியமும், புதன்கிழமை மாலைதோறும் ஐரோப்பிய பாலே நடனமும் பயின்று வருகின்றாள். பாலே வகுப்பிற்குத் 'தோல் நிறக் காலுறை' வாங்கி வருமாறு பணித்தனராம். கடையிற் கொடுத்ததோ வெளிறிய இளஞ்சிவப்புக் காலுறை. சிறுமி தன் கையை அதன் அருகில் வைத்துப் பார்த்து, "அப்பா, இது ஆருடைய தோல்?" என்று கேட்டாளாம். தந்தையார் அவ்வினாவை எமக்கு அனுப்பி, "ஐயா, இந்தக் கலை எங்கள் பிள்ளைகளுக்கும் உரியதுதானா? இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று முடித்திருந்தார்.

யாம் தமிழாசிரியர். பாலே ஆடலைத் திரையிற் கண்டதன்றி அரங்கின்முன் இருந்து கண்டோமல்லோம். எனினும் மாணவர் கேட்ட கேள்விக்கு விடை தேடுதல் ஆசிரியர் கடனாதலின், கிடைத்த நூல்களை எல்லாம் படித்தோம். படிக்கப் படிக்க, அச்சிறுமியின் கேள்வி சிறு கேள்வியன்றென்பது புலனாயிற்று. இம் மலருக்குக் கட்டுரை கேட்ட அன்பர்களுக்கு அதனையே எழுதித் தருகின்றோம்.

சொல்லாராய்ச்சி எம் தொழிலாதலின் சொல்லிலிருந்து தொடங்குவோம். பிற்கால இலத்தீன் மொழியில் 'பல்லாரே' என்பது ஆடுதல் எனப் பொருள்படும். அதிலிருந்து இத்தாலியர் 'பல்லோ' என்றும், அதன் சிறுமைப் பெயராகப் 'பல்லெத்தோ' என்றும் வழங்கினர். பிரான்சியர் நாவில் அது 'பாலே' ஆயிற்று. அவ்வேரிலிருந்தே போர்த்துக்கேயரின் 'பைலார்' என்னுஞ் சொல்லும் பிறந்தது. இலங்கையர் கலியாண வீடுகளிற் கேட்டு மகிழும் 'பைலா' அதன் வழி வந்ததே. இந்தியக் கரையிற் கோயில் நடன மாதரைக் கண்ட போர்த்துக்கேயர் அவர்களைப் 'பைலாதெய்ரா', அஃதாவது ஆடுபவள், என்றனர். பிரான்சியர் அதனைப் 'பயதேர்' எனத் திரித்து வழங்கினர். ஆகவே ஐரோப்பிய அரண்மனைக் கலைக்கும், நம் ஊர்ப் பைலாவுக்கும், தமிழ்நாட்டுத் தேவதாசிக்குப் பிரான்சியர் இட்ட பெயருக்கும் வேர் ஒன்றே. இவற்றுள் மூன்றாவது சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

நம் நாட்டிலே நிருத்திய நாடகத்தையும் 'பாலே' என்று விளம்பரஞ் செய்யும் வழக்கம் உண்டு. 1961ஆம் ஆண்டில் அரங்கேறிய சித்திரசேனாவின் 'கரதிய'வையும் அவ்வாறே அழைப்பர். ஈண்டு யாம் சொல்வது ஐரோப்பாவிற் பிறந்த செவ்வியல் பாலேயையே.

அதுவும் ஓரினத்தார் உடைமையாக ஒருநாளும் இருந்ததில்லை. இத்தாலியச் சிற்றரசர் மாளிகைகளில் அது முளைத்தது. 1581ஆம் ஆண்டிற் பாரிஸ் அரண்மனையில் நிகழ்ந்த புகழ்பெற்ற பாலேயை அமைத்தவர், பிரான்சில் வாழ்ந்த இத்தாலிய வயலின் கலைஞர் ஒருவர். பதினான்காம் லூயி மன்னர் 1653இல், தம் பதினான்காம் அகவையிற் கதிரவன் வேடந் தரித்துத் தாமே ஆடினார். 1661இல் நடனத்துக்கெனக் கழகம் ஒன்றை நிறுவினார். பாதங்களின் ஐந்து அடிப்படை நிலைகளை வகுத்தவர் அம்மன்னரின் நடன ஆசிரியர் போஷாம் என்பர். கலைச் சொற்கள் இன்றும் உலகெங்கும் பிரான்சிய மொழியிலேயே உள்ளன. ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னே நீட்டும் நிலைக்கு 'அரபெஸ்க்' என்று பெயர். அச்சொல்லுக்கு 'அரபுப் பாணி' என்பது பொருள். பின்னர் இத்தாலியத் தந்தைக்கும் சுவீடன் நாட்டுத் தாய்க்கும் பிறந்த மரீ தல்யோனி, 1832இற் பாரிசில் 'லா சில்பீட்' என்னும் பாலேயில் விரல் நுனியில் நின்றாடி உலகை மயக்கினார். மார்செய் நகரிற் பிறந்த மாரியுஸ் பெத்திபா 1847இல் உருசியா சென்று, அந்நாட்டுப் பாலேயை வளர்த்தெடுத்தார். இங்கிலாந்தின் பாலேக் குழுக்களுக்கு வித்திட்ட இரு பெண்மணிகளுள் ஒருவர் அயர்லாந்திற் பிறந்தவர். மற்றவர் போலந்திற் பிறந்தவர். நியூயோர்க்கிலே அமெரிக்க பாலேயை நிலைநிறுத்திய பலஞ்சீன் ஜோர்ஜிய வழித்தோன்றல். இத்துணை நாட்டார் கை பட்ட கலையை 'எங்கள் இனத்தின் கலை' என்று ஒருவர் உரிமை கொண்டாடுவது எங்ஙனம்?

ஆயினும் இத்துணை நாட்டாரும் ஒரே நிறத்தினர் என்பதை மறத்தலாகாது. பிற நிறத்தாருக்கு அவ்வரங்கு என்ன இடங் கொடுத்தது? இங்கேதான் தமிழர்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு வருகின்றது.

1830ஆம் ஆண்டிற் பாரிஸ் இசை நாடக அரங்கிற் 'கடவுளும் பயதேரும்' என்றொரு நாடகம் நடந்தது. அதில் இந்திய நடன மாதாக ஆடியவர் மேற்கூறிய தல்யோனியே. எட்டு ஆண்டுகள் கழித்து, 1838இல், மெய்யான பயதேர்கள் பாரிசுக்கு வந்து சேர்ந்தனர். கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துக் கோயிலைச் சேர்ந்த நடனக் குழு அது. பிரான்சிய வணிகர் ஒருவர் ஒப்பந்தஞ் செய்து புதுச்சேரியிலிருந்து அழைத்துச் சென்றார். பெண்கள் ஐவர், ஆடவர் மூவர். மூத்தவர் தில்லை என்னும் தில்லையம்மாள், நட்டுவனார் இராமலிங்கம், வேதம் என்னும் பெயருடையாள் சின்னஞ் சிறுமி. பதினெட்டு வயதளவில் இருந்த ஒருத்தியைப் பிரான்சியர் 'அமனி' என்று எழுதினர். அவள் நம் அம்மணி.

அவர்கள் பாரிசில் வரியெத்தே அரங்கிலும், பின்னர் இலண்டனில் அடெல்பி அரங்கிலும் ஆடினர். நெடிய வெண்துகிலை, சுழன்றாடிக்கொண்டே முறுக்கி மடித்துப் புறாக்களின் வடிவாக்கிக் காட்டிய ஆடல் ஒன்று பெரிதும் பேசப்பட்டது. விரல் நுனியில் நின்று மண்ணை விட்டெழ விழையும் ஆடலையே கண்டு பழகிய ஊர் அது. அவ்வூராரின் முன், வெறுங்காலிற் சலங்கை கட்டி, அரைமண்டியில் அமர்ந்து, பாதம் முழுவதும் பதியத் தட்டி ஆடினர் நம்மவர். தல்யோனியின் பயதேரையே மெய்யெனக் கொண்டிருந்த கண்களுக்கு, மெய்யான பயதேர் விந்தையாகத் தோன்றினாள் என்பதில் வியப்பென்ன!

இவ்விடத்தில் ஒரு சிறு குறிப்பு. பாலேயின் முதல் நிலையில் இடுப்பிலிருந்து கால்களை வெளிநோக்கித் திருப்பி, முழங்காலை மடித்து நிற்பதைப் 'பிளியே' என்பர். படத்திற் பார்ப்பின் நமது அரைமண்டிக்கு உறவென்றே தோன்றும். நிலை ஒன்று போலவிருப்பினும் நோக்கம் வேறு. பாலே ஆடுபவர் அந்நிலையிலிருந்து மேலெழுவதற்காக மடிகின்றார். பரதம் ஆடுபவரோ அதிலேயே வீற்றிருந்து ஆடுகின்றார். இரண்டையும் ஒருங்கே பயிலும் அப்பத்து வயதுச் சிறுமியின் முழங்கால்கள் அறிந்த இவ்வேறுபாட்டை, யாம் நூல்களைப் புரட்டி அறிய வேண்டியதாயிற்று.

அம்மணியைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவருள் தெயோபீல் கோத்தியே என்னும் கவிஞரும் ஒருவர். செய்தித்தாளில் அவளைப் பற்றி விரிவாக எழுதினார். பார் என்னும் சிற்பி அவள் ஆடுங் கோலத்தை வெண்கலத்திற் சமைத்தார். கோத்தியே பின்னர் 1841இல் 'ஜிசெல்' என்னும் பாலேயின் கதையமைப்பிற் பங்கு கொண்டார். 1858இற் காளிதாசரின் சகுந்தலை கதையையும் பாலேயாக்கினார். அச்சகுந்தலைக்கு ஆடல் அமைத்தவர் லூசியன் பெத்திபா. உருசியா சென்ற மாரியுஸ் பெத்திபாவின் தமையனார். 1877ஆம் ஆண்டிற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் மாரியுஸ் பெத்திபா, மின்குஸ் என்பாரின் இசையுடன் 'லா பயதேர்' என்னும் பாலேயை அரங்கேற்றினார்.

அதன் கதை இது. நிக்கியா என்பாள் கோயில் நடன மாது. சொலோர் என்னும் வீரனைக் காதலிக்கின்றாள். தலைமைக் குருக்களோ அவள்மேல் ஆசை வைக்கின்றார். அரசன் தன் மகள் கம்சாத்தியைச் சொலோருக்கு நிச்சயிக்கின்றான். அந்த விழாவில் நிக்கியா ஆடும்போது பூக்கூடையினுள் மறைத்து வைத்த பாம்பு அவளைத் தீண்டுகின்றது. மாற்று மருந்தை மறுத்து அவள் மாய்கின்றாள். சொலோர் அபினி மயக்கத்தில் ஆவியுலகைக் காண, வெள்ளுடை தரித்த நங்கையர் ஒருவர் பின் ஒருவராக, அதே அரபெஸ்க் நிலையை மீட்டும் மீட்டும் செய்துகொண்டு சரிவில் இறங்கி வருகின்றனர். பாலே உலகின் மிக உயர்ந்த காட்சிகளுள் ஒன்றென அதனை அறிஞர் போற்றுவர். யாமும் அதனைத் திரையிற் கண்டு மெய்ம்மறந்திருந்தோம் என்பதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் நிக்கியா என்பது எந்த ஊர்ப் பெயர்? கம்சாத்தி என்று நம்மவர் எவரேனும் பெண்ணுக்குப் பெயரிட்டதுண்டா? பெத்திபா இந்தியாவைக் கண்டவரல்லர். அவருடைய பயதேருக்கு முத்திரை இல்லை, தாளக்கட்டு இல்லை, பதம் இல்லை; இடையிற் சுற்றிய துகிலும் நெற்றிச் சுட்டியுமே உண்டு. பாலே அரங்கு அம்மணியின் வேடத்தை ஏற்றுக்கொண்டது, அம்மணியை ஏற்றுக்கொள்ளவில்லை. இவ்வொரு வரியே இக்கட்டுரையின் சாரம். 1892இல் அரங்கேறிய 'பாதாம் உடைப்பான்' பாலேயின் அரபு நடனமும் சீன நடனமும் இவ்வகையினவே. சீன நடனத்திற் சுட்டுவிரலை உயர்த்திக் குதிக்கும் கேலிக் குறியைக் கைவிடுமாறு நியூயோர்க் கலைஞர் இருவர் 2017இல் ஓர் இயக்கந் தொடங்கினர். பல குழுக்கள் அதற்கு இசைந்தன.

வேடத்தை விட்டு ஆளுக்கு வருவோம். ஜெனற் கொலின்ஸ் என்னும் கறுப்பின நங்கையின் ஆடலைக் கண்ட புகழ்பெற்ற குழு ஒன்று, முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிற்று. அவர் மறுத்துத் திரும்பினார். அவரே 1951இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் இசை நாடக அரங்கில் முதன்மை நடன மாதாக ஆடினார். அமெரிக்கப் பழங்குடியினரான மரியா டோல்சீவ் என்பாரிடம், உருசியப் பெயர் போலத் 'தோல்சீவா' என மாற்றிக்கொள்ளுமாறு கூறினர். அவர் இசையவில்லை. தம் முன்னோர் பெயருடனேயே 1949இல் 'தீப்பறவை'யாக ஆடி அமெரிக்காவின் தலைசிறந்த நடன மாதென்று பெயர் பெற்றார். தென்னாபிரிக்காவிற் கேப் ரவுண் நகரில் முஸ்லிம் குடும்பத்திற் பிறந்த யோஹார் மொசாவல், 1952இல் இலண்டன் குழுவில் இணைந்து மேன்மை எய்தினார். ஆயின் 1960இல் அக்குழு தென்னாபிரிக்கா சென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காரணமாக அவரை விட்டுச் சென்றனர். அப்பயணத்தில் தாய்நாட்டு மேடையிலே, தாய்நாட்டார் முன்னே ஆடும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. இதனைப் படித்தபோது எமக்கு நெஞ்சு கனத்தது.

ஆதர் மிச்செல் என்பார் 1955இல் நியூயோர்க் நகர பாலேயிற் சேர்ந்தார். 1957இற் பலஞ்சீன் 'அகோன்' என்னும் பாலேயில் அவரையும் வெள்ளை மாது ஒருவரையும் இணையாக ஆடவைத்தார்; அக்கால அமெரிக்காவில் அது துணிகரமான செயல். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட துயரிலே, தாம் பிறந்த ஹார்லெம் பகுதிச் சிறுவர்க்கு இக்கலையைக் கற்பிக்க உறுதி பூண்ட மிச்செல், மறு ஆண்டிலே ஹார்லெம் நடன அரங்கை நிறுவினார். அக்குழு 1984இல் 'ஜிசெல்' கதையை அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்கு, கறுப்பின மக்களின் வாழ்வுக்குள் மாற்றி அமைத்து ஆடிற்று. இசையும் அடவும் பழையனவே, மண் புதிது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுண்டு. வெள்ளுடைக் காட்சிகளில் அனைவரும் ஓருருவாய்த் தோன்ற வேண்டும். ஒருவர் நிறம் வேறாயின் கண் அங்கேயே செல்லும் என்பர். இது கலை நோக்கிற் பிறந்த எண்ணம் போலத் தோன்றுமாதலின் ஆராயத்தக்கது. அவ்வாவியுலகக் காட்சியில் நாம் காண்பது கை கால்களின் கோடு ஒன்றுதல், மூச்சு ஒன்றுதல், காலம் ஒன்றுதல். பத்துப் பேர் சேர்ந்து தேவாரம் ஓதுங்கால் குரல்கள் ஒன்றாக வேண்டுமேயன்றி முகங்கள் ஒன்றாக வேண்டுவதில்லை. மேலும் கண் பழகியதையே அழகெனக் கொள்ளும். பெர்லின் அரசு பாலேக் குழுவில் 2018இற் சேர்ந்த கறுப்பின நங்கை ஒருவர், 'அன்ன ஏரி'க்காக வெள்ளை பூசுமாறு தம்மை வற்புறுத்தினர் என்று 2020இல் வெளிப்படையாக முறையிட்டார். அதே ஆண்டிற் பாரிஸ் குழுவின் கறுப்பின, கலப்பினக் கலைஞர் ஐவர், தம் தோலுக்கேற்ற காலுறையும் காலணியும் ஒப்பனையும் வேண்டுமென்று அறிக்கை எழுத, அந்நிறுவன ஊழியர் நூற்றுக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், செனகல் நாட்டுத் தந்தைக்குப் பிறந்த கியோம் தியோப் அக்குழுவின் 'விண்மீன்' என்னும் உயர்பதவி எய்தினார். பதினான்காம் லூயி மன்னர் கழகம் நிறுவி 362 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது.

'லா பயதேர்' தானும் இவ்வழக்கிலிருந்து தப்பவில்லை. அதில் முகத்திற் கரி பூசிய சிறுவர் ஆடும் பகுதி ஒன்றுண்டு. பாரிசில் 2015இல் அக்கரியையும் அப்பகுதியின் இழிபெயரையும் நீக்கினர். மொஸ்கோவில் 2019இலும் அது நீங்கவில்லை. மிஸ்ரி கோப்லாண்ட் அதனைக் கண்டித்தபோது, மரபென்று விடை கூறினர். இந்த மிஸ்ரி கோப்லாண்ட் 2015இல் அமெரிக்க பாலே அரங்கின் முதன்மை நிலை எய்திய முதற் கறுப்பின நங்கை.

மேடைக்கு வெளியேயும் தடை உண்டு. பிள்ளையை எட்டு ஒன்பது வயதிலே சேர்க்க வேண்டும். பல ஆண்டு கட்டணம் செலுத்த வேண்டும். விரல் நுனியில் ஆடும் காலணி ஒரு சோடி ஓரிரவு ஆட்டத்திலேயே தேய்ந்துவிடுவதும் உண்டு. ஏழை வீட்டார் என் செய்வார்? கியூபா நாடு இதற்கொரு விடை கண்டது. அலிசியா அலொன்சோ 1948இல் நிறுவிய குழுவுக்கு 1959 புரட்சிக்குப் பின் அரசு துணை நின்றது, பயிற்சி இலவசமாயிற்று. ஹவானாவிற் பாரவூர்தி ஓட்டுநர் ஒருவருக்கு 1973இற் பிறந்த கார்லோஸ் அகோஸ்தா, அவ்வழியே வந்து இலண்டனின் ரோயல் பாலேயிற் புகழ் ஈட்டி, 2020இற் பர்மிங்ஹாம் குழுவின் இயக்குநரானார். திறமை எங்கும் பிறக்கின்றது. கட்டணங் கட்டவல்ல வீட்டிலே மட்டும் பிறப்பதில்லை.

பிறர் குற்றம் பேசுமிடத்து நம் வீட்டுக் கணக்கையும் பார்த்தல் முறை. அம்மணியின் வேடத்தைப் பாரிஸ் எடுத்துக்கொண்டதென்றோம். அவள் மரபினரை நாம் எவ்வாறு நடத்தினோம்? யாழ்ப்பாணத்திற் சின்னமேளம் என்றால் முகஞ் சுளித்தோம். கோயில்களில் அவ்வாடலை நாவலர் பெருமான் வன்மையாகக் கண்டித்தார். அவருடைய நோக்கம் தூயது என்பதில் எமக்கு ஐயமில்லை. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுத்தது. அது வேண்டிய சட்டமே. ஆயினும் வழக்கம் ஒழிந்தபோது ஆடியவரும் அரங்கிழந்தனர். அவர்கள் காத்த கலை பிறர் கைக்குச் சென்றது. உருசிய பாலே மாது அன்னா பவ்லோவா, தம்மிடம் பாலே கற்க விழைந்த ருக்மணி தேவியாரை நும் நாட்டுக் கலையை நாடுக என்று தூண்டினார் என்பர். ருக்மணி தேவியார் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935இல் மேடை ஏறினார். சதிர் பரதநாட்டியமாகி நம் பிள்ளைகளை வந்தடைந்தது. பாலேயின் கை அதிலும் பட்டிருக்கின்றது.

இனி 'லா பயதேரை' என் செய்வது? அதனை ஆடவே கூடாதென்பாருடன் யாம் உடன்படோம். அவ்வாவியுலகக் காட்சியை இழப்பது உலகுக்கு நட்டம். கரியைக் கழுவுக, வணக்கஞ் செய்யும் முறையையேனும் அறிந்தவரிடங் கேட்டுச் செய்க. வேறு வழி கண்டோரும் உளர். 2024இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில், அடவுகளை இயன்றவரை காத்துக் கதையை மட்டும் 1930களின் ஹொலிவூட்டுக்கு மாற்றி ஆடினர். சென்னையிற் பிறந்து இலண்டனில் வாழும் ஷோபனா ஜெயசிங், 2015இல் அமைத்த படைப்பிலே 1838இற் பாரிஸ் சென்ற அந்நடன மாதரையும் அவர்களை நோக்கிய கோத்தியேயையும் மேடைக்குக் கொணர்ந்தார். ஆடிய இடம், நிக்கியாவும் ஆடும் அதே ரோயல் மாளிகையின் சிற்றரங்கு.

இவற்றையெல்லாம் சுருக்கி எம் பழைய மாணவர்க்கு எழுதினோம். ஹார்லெம் குழுவினர் 1970களிலேயே தத்தம் தோலுக்கேற்ற நிறத்திற் காலுறையும் காலணியும் அணியத் தொடங்கியதையும், இலண்டனிலே 2018ஆம் ஆண்டு முதற் பழுப்பு நிறக் காலணிகள் ஆயத்தமாகவே விற்கப்படுவதையும், அதற்கு முன்னெல்லாம் கறுப்பின மாதர் ஒவ்வொரு சோடிக்கும் முகப்பூச்சைத் தாமே தடவிக்கொண்டதையும் குறிப்பிட்டிருந்தோம். ஒரு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. பழுப்பு நிறக் காலுறை வாங்கிக் கொடுத்தாராம். பாலே ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லையாம். மகள் மட்டும், அந்த எண்மருட் சிறியவளாகிய வேதத்துக்கு அப்போது என்ன வயது என்று எழுதிக் கேட்கச் சொன்னாளாம். ஆறு வயதளவில் இருக்கும் என்று எழுதியிருக்கின்றோம்.